44 கிராம் தண்ணீர்: சேலத்து வெயிலில் ஒரு பிளாக் மன்ஹாட்டன்

பிளாக் மன்ஹாட்டன் என்பது விஸ்கியோடு அமாரோ என்ற இத்தாலியக் கசப்பு மதுவைச் சேர்த்துக் கலக்குகிற காக்டெயில். ஏற்காட்டில் கலக்கியபோது அருமையாக வந்தது. அதே பாட்டில், அதே பெக் அளவு, அதே கை. சேலத்தில் என் வீட்டுச் சமையலறையில் கலக்கினால் சப்பென்று இருந்தது. முதல் முறை அளவில் ஏதோ பிசகிவிட்டது என்று நினைத்தேன். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை தராசை எடுத்து மேடையில் வைத்தேன். இந்தக் கோடை முழுக்க அந்தத் தராசோடுதான் போனது. அதில் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன். நம் ஊர் வெயிலில் இதைச் செய்து பார்க்கிற வேறு யாருக்காவது உதவும்.

எனக்குத் தொழில் வெள்ளிக் கொலுசு. செவ்வாய்ப்பேட்டையில் சின்னப் பட்டறை. உருக்குவது, கம்பி இழுப்பது, நிறுப்பது என்றே முப்பது வருடம் ஓடிவிட்டது. கண்பார்வைக்கு ஊற்று, கைப்பதத்துக்குப் போடு என்றால் எனக்கு மனம் ஒப்பாது. எடை தெரிய வேண்டும், டச், அதாவது வெள்ளியின் சுத்தம், தெரிய வேண்டும்.

பாட்டில்கள் வந்த வழி இது. என் மனைவியின் தம்பி இத்தாலியில் பொலோன்யாவில் வேலை பார்க்கிறான். மார்ச் கடைசியில் விடுமுறைக்கு வந்தபோது மூன்று பாட்டில் கொண்டுவந்தான். வெளிநாட்டிலிருந்து வருகிற ஒருவர் தீர்வை கட்டாமல் 2 லிட்டர் வரை மது எடுத்து வரலாம். இவன் கொண்டுவந்தது அவெர்னா 700 மிலி, மோன்டெனேக்ரோ 700 மிலி, அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் 200 மிலி. "மாமா, இதைச் சும்மா ஊத்திக் குடிச்சுத் தீர்த்துடாதீங்க. விஸ்கியில கலந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்று கொடுத்துவிட்டுப் போனான்.

அவெர்னாவும் மோன்டெனேக்ரோவும் அமாரோ வகை, அங்கோஸ்டுரா சொட்டுக்கணக்கில் விடுகிற கசப்புச் சாறு. அமாரோ என்றால் இத்தாலிய மொழியில் கசப்பு என்று பொருள். வேர், பட்டை, பூ, பழத்தோல் என்று பலவற்றைச் சாராயத்தில் ஊறவைத்து, சர்க்கரை சேர்த்து, சில காலம் அடங்கவிட்டு வடித்து எடுப்பது. விருந்து முடிந்ததும் செரிமானத்துக்கு என்று ஒரு சின்னக் கிளாஸ் குடிப்பது அங்கே வழக்கம். நாம் சுக்கும் ஓமமும் தேடுகிற நேரம் அது. கசப்புக்குப் பெரும்பாலும் ஜென்ஷன் என்ற மலைச்செடியின் வேர், சின்கோனா பட்டை, ருபார்ப் வேர். சின்கோனா நமக்கும் தெரிந்த மரம்தான், கொய்னா மருந்துக்காக 1860களிலேயே நீலகிரியில் தோட்டம் போட்டார்கள். கூட்டுப்பொருள் என்ன, எவ்வளவு என்பதை ஒவ்வொரு கம்பெனியும் வெளியே சொல்லாமல் காப்பாற்றுகிறது. அவெர்னா சிசிலித் தீவில் கால்தனிசெட்டா ஊரில் 1868இல் தொடங்கியது, துறவிமடத்திலிருந்து வந்த பக்குவம் என்பார்கள். ஆல்கஹால் 29 சதவீதம். மோன்டெனேக்ரோ பொலோன்யாவில் ஸ்தனிஸ்லாவோ கோபியாங்கி என்பவர் 1885இல் உண்டாக்கியது. 40 மூலிகை, 23 சதவீதம். மிலானில் 1845இல் பிறந்த ஃபெர்னெட் பிராங்கா என்று ஒன்று உண்டு, 39 சதவீதம், கசப்பில் அதுதான் பெரியண்ணன். அதை மாப்பிள்ளை வேண்டுமென்றே வாங்காமல் வந்தான். முதல் அமாரோவாக அதை வாயில் வைக்கிறவர்கள் பாதிப்பேர் திரும்பி வரமாட்டார்களாம்.

அவெர்னாவைத் தனியாக ஒரு கரண்டி ஊற்றி நாக்கில் வைத்தபோது முதலில் வந்தது வெல்லப்பாகு மாதிரி ஒரு இனிப்பு. அடுத்து ஆரஞ்சுத் தோல். விழுங்கி முடித்த பிறகுதான் கசப்பு அடிநாக்கில் மெதுவாக ஏறி உட்கார்ந்தது. சித்திரை ஒன்றுக்கு வீட்டில் செய்கிற வேப்பம்பூப் பச்சடியில் இதே வரிசைதான்: வெல்லம் முந்தும், மாங்காய் நடுவில் வரும், பூவின் கசப்பு கடைசியில் நிற்கும். அதனால் எனக்கு இது அந்நியமாகவே படவில்லை. என் மனைவி மட்டும் மோந்து பார்த்துவிட்டு, "லீ பஜார்ல மருந்துக்கடை வாசல்ல நிக்கற மாதிரி இருக்குங்க" என்றாள். அதுவும் சரிதான்.

விஸ்கியோடு அமாரோ கலக்க எளிய வழி பிளாக் மன்ஹாட்டன். பழைய மன்ஹாட்டன் என்பது விஸ்கி இரண்டு பங்கு, இனிப்பு வெர்மூத் ஒரு பங்கு, அங்கோஸ்டுரா இரண்டு வீச்சு (பாட்டிலை ஒரு உதறு உதறினால் விழுகிறது ஒரு வீச்சு). வெர்மூத்துக்குப் பதில் அவெர்னா ஊற்றினால் நிறம் கறுத்துவிடும், அதனால் அந்தப் பெயர். 2000களின் நடுவில் சான் பிரான்சிஸ்கோவில் டாட் ஸ்மித் என்பவர் இதைச் செய்து பரப்பினார். அவர்கள் அளவில் விஸ்கி இரண்டு அவுன்ஸ், அவெர்னா ஒரு அவுன்ஸ். நம் அளவில் சொன்னால் லார்ஜ் ஒன்று, ஸ்மால் ஒன்று. 60 மிலி, 30 மிலி. பெக் அளவுக் கிண்ணம் வீட்டில் இருந்தால் வேறு எதுவும் வாங்க வேண்டாம். இன்னொரு வசதியும் உண்டு. வெர்மூத் திராட்சை மதுவில் செய்வது, திறந்துவிட்டால் சில வாரங்களில் சுவை போய்விடும். அமாரோவில் சாராயமும் சர்க்கரையும் அதிகம், திறந்த பாட்டில் மாதக்கணக்கில் நிற்கும். எப்போதாவது ஒருநாள் குடிக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயம்.

விஸ்கிக்கு அம்ருத் சிங்கிள் மால்ட் எடுத்தேன், முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்தது, 46 சதவீதம். அமெரிக்காவில் இதற்கு ரை என்ற தானியத்தில் எடுத்த ரை விஸ்கி ஊற்றுவார்கள், அதில் மிளகுக் காரம் மாதிரி ஒன்று இருக்கும். அது என்னிடம் இல்லை. முதலில் வீட்டில் இருந்த சாதாரண விஸ்கியில்தான் செய்து பார்த்தேன். நம்மூரில் விலை குறைந்த விஸ்கியில் பெரும்பகுதி சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த சாராயம், அதில் கொஞ்சம் மால்ட் சேர்த்திருப்பார்கள். ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று பெயர் போட்டு விற்க முடியாது, அங்கே தானியத்திலிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். தனியாகச் சோடா விட்டுக் குடிக்கும்போது வித்தியாசம் அவ்வளவு தெரியாது. அவெர்னாவோடு சேர்த்ததும் வெளிச்சமாகிவிட்டது. இரண்டு இனிப்பு ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நடுவே பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. கசப்புக்கு எதிரே நிற்கத் தானியத்தின் கனம் வேண்டும். அம்ருத்தில் அது இருந்தது.

அம்ருத் பற்றி ஒன்று. 2004இல் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவில் கொண்டுபோய் முதலில் விற்ற பெங்களூர் சரக்கு அது. ஸ்காட்லாந்துக் குளிரில் மரப்பீப்பாயிலிருந்து வருடத்துக்கு 2 சதவீதம் போல ஆவியாகும். பெங்களூரில் 10 சதவீதத்துக்கு மேல். அதை அங்கே தேவதைகளின் பங்கு என்கிறார்கள். எங்கள் தொழிலில் அதற்குச் சேதாரம் என்று பெயர். வெயில் நம் ஊரில் எதையும் சும்மா விடுவதில்லை என்பதை அந்த எண் அப்போதே எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

சித்திரை பிறந்த அடுத்த சனிக்கிழமை ஏற்காட்டுக்குப் போனோம். நாகலூர் பக்கம் என் பெரியப்பா மகன் ஒரு சின்னக் காப்பித் தோட்டம் பார்த்துக்கொள்கிறார். கொண்டை ஊசி வளைவு 20, இறங்கும்போது நிதானத்தில் இருக்க வேண்டும், அதனால் இரவு அங்கேயே தங்குவது என்று முடிவு செய்துகொண்டுதான் பாட்டிலையே எடுத்துப் போனேன். சாயங்காலம் ஏழு மணி. வாசல் திண்ணையில் தெர்மாமீட்டர் 21 டிகிரி காட்டியது. கனமான கண்ணாடிக் கிளாஸில் அம்ருத் 60, அவெர்னா 30, அங்கோஸ்டுரா இரண்டு வீச்சு. ஐஸ் நிறையப் போட்டு நீளக் கரண்டியால் 30 வினாடி கலக்கி, டீ வடிகட்டியில் வடித்தேன். அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "தம்பி, இது நல்லா இருக்குதுடா. தொண்டையில இறங்கினதுக்கு அப்புறமும் பேசிக்கிட்டே இருக்குது" என்றார். அப்படித்தான் இருந்தது. இனிப்பும் கசப்பும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டு இறங்கின.

அடுத்த வாரம் சேலம். வெளியே 39 டிகிரி, சமையலறையில் இரவு எட்டு மணிக்கும் 34. அதே செய்முறை. வந்தது கஷாயத்தைக் கழுவின தண்ணீர்.

மூன்றாம் முறை பட்டறையில் ஓய்வு கொடுத்து வைத்திருந்த பழைய தராசைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காலி கிளாஸை நிறுத்து, சரக்கு ஊற்றி நிறுத்தேன். விஸ்கியும் அவெர்னாவும் சேர்ந்து 87 கிராம். ஐஸ் போட்டுக் கலக்கி வடித்த பிறகு 131 கிராம். ஆக 44 கிராம் ஐஸ் கரைந்து உள்ளே போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தராசையும் தூக்கிக்கொண்டு மறுபடி மலை ஏறினேன். அங்கே அதே வேலையைச் செய்ததில் 115 கிராம், அதாவது 28 கிராம் தண்ணீர். வித்தியாசம் 16 கிராம். ஒரு பெரிய கரண்டித் தண்ணீர்தான், ஆனால் 90 மிலி பானத்தில் அது ஆளையே மாற்றிவிடுகிறது.

டச் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது சுலபம். இரண்டு வேறு டச் வெள்ளியைச் சேர்த்து உருக்கினால் எவ்வளவு வரும் என்று பார்ப்போமே, அதேதான். 60ஐ 46ஆல் பெருக்கினால் 2760. 30ஐ 29ஆல் பெருக்கினால் 870. மொத்தம் 3630. தண்ணீர் சேராதபோது 90ஆல் வகுக்க, 40.3 சதவீதம். ஏற்காட்டில் 28 சேர்ந்து 118 ஆனதால் 30.8. சேலத்தில் 44 சேர்ந்து 134 ஆனதால் 27.1. அந்த 3.7 சதவீதத்தோடு மணமும் கனமும் இறங்கிவிட்டன. கசப்பு மட்டும் இறங்கவில்லை. கசப்பு எவ்வளவு தண்ணீரிலும் தெரியும், நிலவேம்பு குடித்தவர்களுக்கு அது தெரியும். துணைக்கு இருந்த இனிப்பும் விஸ்கியும் மெலிந்துபோனதால் அது தனியாக நின்று கஷாயமாகிவிட்டது.

காரணம் ஐஸுக்குக் கொடுக்கிற வேலை. ஒரு கிராம் ஐஸ் கரைய 80 கலோரி வெப்பம் வேண்டும். 34 டிகிரியில் இருக்கிற 90 மிலி சரக்கை 21 டிகிரிக்குக் கொண்டுவருவதற்கே 12 கிராம் ஐஸ் செலவாகிறது, அதற்கப்புறம்தான் ஏற்காட்டுக் கணக்கே தொடங்குகிறது. மீதிக்குக் கண்ணாடிக் கிளாஸ் பொறுப்பு. 280 கிராம் எடையுள்ள கிளாஸ், அதுவும் 34 டிகிரியில் சூடாக இருக்கிறது. ஐஸும் டிரேயிலிருந்து தட்டி மேடையில் வைத்த இரண்டே நிமிடத்தில் வியர்த்து ஈரமாகிவிடுகிறது, அந்த ஈரமும் உள்ளேதான் போகிறது.

சரி, எல்லாவற்றையும் குளிர வைத்துவிடுவோம் என்று விஸ்கி, அவெர்னா இரண்டையும் ஃப்ரிட்ஜில் வைத்தேன். கண்ணாடிக்குப் பதில் எவர்சில்வர் சொம்பு, 110 கிராம், அதையும் ஃப்ரீசரில் அரை மணி நேரம். எவர்சில்வர் மெல்லியது, சூட்டைத் தாங்கி வைத்துக்கொள்கிற சக்தியும் கண்ணாடியைவிடக் குறைவு. கலக்கி நிறுத்தால் 8 கிராம் தண்ணீர்தான் சேர்ந்திருந்தது. கணக்குப் போட்டால் 37 சதவீதம். வாயில் வைத்ததும் எரிந்தது. மூக்கில் ஏறுவது சாராயம் மட்டும்தான். அவெர்னாவின் ஆரஞ்சு எங்கே போனதென்றே தெரியவில்லை. எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் பட்டது. தண்ணீரை நான் எதிரி என்று நினைத்து விரட்டினேன். அது இந்தக் கூட்டில் நாலாவது சரக்கு. மணம் திறக்க அது வேண்டும். அளவில்லாமல் வருவதுதான் கெடுதல். வெள்ளியில் செம்பு சேர்க்காமல் கொலுசு செய்ய முடியாது, வளைந்து போகும். ஆனால் செம்பை நிறுத்துத்தான் போடுவோம்.

அப்படியானால் தண்ணீரையும் நிறுத்தே ஊற்றிவிடலாம், ஐஸ் கரைவதை நம்ப வேண்டாம் என்று தோன்றியது. ஐந்து பேருக்கு ஒரே பாட்டிலில் கலந்தேன்: அம்ருத் 300 மிலி, அவெர்னா 150, அங்கோஸ்டுரா 10 வீச்சு, தண்ணீர் 150. மூடி போட்டு ஃப்ரீசரில் படுக்க வைத்தேன். மறுநாள் எடுத்தால் பாட்டிலுக்குள் ஊசி ஊசியாகப் பனிச்சீவல். ஊற்ற ஊற்றத் தெளிந்த பகுதி முதலில் காரமாக வந்தது, சீவல் கடைசியில் தண்ணீராக வந்தது. கலவை 30 சதவீதத்துக்கு இறங்கிவிட்டதால் ஃப்ரீசரின் மைனஸ் 17 டிகிரியில் அதிலிருந்த தண்ணீர் கட்டத் தொடங்கிவிட்டது. அந்தப் பாட்டிலைக் கீழ்த்தட்டுக்கு மாற்றிக் கரைய விட்டு, மூன்று வாரத்தில் மெதுவாகத் தீர்த்தோம்.

அடுத்ததில் தண்ணீரை 90 மிலியாகக் குறைத்தேன். மொத்தம் 540, கணக்குக்கு 33.6 சதவீதம். கட்டவில்லை. பாகு மாதிரி கொழகொழவென்று ஊற்றியது. ஒரு ஆளுக்கு 108 மிலி, கிளாஸில் ஒரு பெரிய ஐஸ் துண்டு. அந்த ஐஸ் மெல்லக் கரைந்து மீதித் தண்ணீரைத் தருகிறது. நாலைந்து நிமிடத்தில் ஏற்காட்டுத் திண்ணையில் குடித்த அந்த இடத்துக்கு வந்து நிற்கிறது. அவ்வளவு குளிரில் முதல் வாயில் கசப்புதான் முன்னே வரும், ஏனென்றால் குளிரில் இனிப்பு மங்கிவிடும். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டிருந்தால் இனிப்பு ஒவ்வொன்றாகத் திரும்பி வருகிறது, முதலில் வெல்லம், அப்புறம் பழத்தோல். ஒரே கிளாஸில் மூன்று பானம் குடித்த மாதிரி. இந்த மாற்றத்தைப் பார்க்கவே நான் அவசரப்படாமல் குடிக்கப் பழகினேன்.

உப்பு விஷயம் என் மனைவி கண்டுபிடித்தது. இரண்டாவது பாட்டில் தயாரான அன்று பாகற்காய் நறுக்கி உப்புப் போட்டுப் பிசிறி வைத்திருந்தாள். ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கும் ஒரு கல்லு உப்பு போட்டா என்னங்க?" என்றாள். பாகற்காயில் உப்பு செய்கிற வேலை இரண்டு. ஒன்று, நீரை இழுத்து அதோடு கசப்பைக் கொஞ்சம் வெளியேற்றுவது. இன்னொன்று, நாக்கிலேயே கசப்பை அடக்குவது. இரண்டாவது இங்கேயும் நடக்கும். கல் உப்பு 20 கிராமை 80 மிலி வெந்நீரில் கரைத்து, காலியான சொட்டு மருந்துப் பாட்டிலை வெந்நீரில் நன்றாகக் கழுவி அதில் ஊற்றினேன். ஒரு கிளாஸுக்கு இரண்டு சொட்டு. உப்பு தெரியவே தெரியாது. கசப்பின் முனை மட்டும் மழுங்கி, ஆரஞ்சு வாசனை ஒரு படி மேலே வரும். நாலு சொட்டு போட்டால் உப்புக்கரிக்கும், அதையும் செய்து பார்த்தேன். இப்போது 540 மிலி பாட்டிலுக்கு 10 சொட்டு, முதலிலேயே சேர்த்துவிடுகிறேன். நான் தராசோடு ஒரு மாதம் தேடியதைவிட அந்த இரண்டு சொட்டு செய்தது அதிகம் என்று எனக்கு இன்னும் ஒரு எண்ணம் உண்டு.

மிளகும் சேர்ந்தது. ரை விஸ்கியின் காரத்துக்கு ஈடாக, அண்ணன் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியின் மிளகு ஐந்தை ஒன்றிரண்டாகத் தட்டி 300 மிலி விஸ்கியில் அரை மணி நேரம் போட்டு வடித்துவிட வேண்டும். ஒரு மணி நேரம் விட்டால் ரசம் ஆகிவிடுகிறது.

மேலே பிழியத் தோல் வேண்டும். தோலைக் கிளாஸுக்கு மேல் மடக்கி அழுத்தினால் எண்ணெய் பொடிப்பொடியாகத் தெறித்துப் பானத்தின்மேல் படலமாக நிற்கும். ஏற்காட்டுக் கமலா ஆரஞ்சுதான் முதலில் நினைவுக்கு வந்தது. வாசனை பிரமாதம், ஆனால் தோல் தளர்ந்தது, மெல்லியது, மடக்கினால் துவண்டுவிடும், எண்ணெய் தெறிக்காது. எலுமிச்சையின் வாசம் அவெர்னாவோடு சண்டை போடுகிறது. சூரமங்கலம் உழவர் சந்தையில் ஊறுகாய்க்கு வாங்கிய நாரத்தங்காயைச் சீவிப் பார்த்தேன். தடித்த தோல், அழுத்தியதும் சீறுகிறது, மடித்த இடத்தில் விளக்கைக் காட்டினால் தெறிப்பது கண்ணுக்கே தெரியும். வாசனை ஆரஞ்சுக்கும் எலுமிச்சைக்கும் நடுவே. வெள்ளைச் சதை ஒட்டாமல் பச்சைத் தோலை மட்டும் சீவ வேண்டும். அதற்கப்புறம் வேறு எதையும் தேடவில்லை.

செர்ரி போடுவது வழக்கம் என்கிறார்கள். நம் பேக்கரிகளில் கிடைக்கிற சிவப்புச் செர்ரி பெரும்பாலும் களாக்காய், சாயமும் சர்க்கரையும் ஏற்றியது. அதைப் போட்டால் பானம் கெடும். நன்றாகப் பழுத்துக் கறுத்த களாப்பழத்தைக் கொட்டை நீக்கி, கெட்டி வெல்லப்பாகில் இரண்டு நாள் ஊறவைத்துப் போட்டேன். புளிப்பும் இனிப்புமாக நன்றாகவே இருந்தது, கட்டாயம் இல்லை.

ஐஸ். டிரேயில் கட்டுகிற ஐஸ் வெளுப்பாக இருப்பதற்குக் காரணம் நாலு பக்கமும் ஒரே சமயம் கட்டுவது, தண்ணீரில் கரைந்த காற்று நடுவில் மாட்டிக்கொள்கிறது. ஒரு பக்கமிருந்து மட்டும் கட்ட வைத்தால் காற்று அடுத்த பக்கம் தள்ளப்பட்டுவிடும். சப்பாத்தி வைக்கிற பழைய ஹாட்பேக்கை மூடியில்லாமல், மேட்டூர்க் குடிநீரை நிரப்பி ஃப்ரீசரில் வைத்தேன். பக்கவாட்டும் அடியும் குளிரைத் தடுக்க, மேலிருந்து மட்டுமே கட்டும். முதல் தடவை இரண்டு நாள் மறந்துவிட்டதில் அடிவரை கட்டி, அழுத்தத்தில் ஹாட்பேக்கின் உள்பாத்திரம் பிதுங்கிவிட்டது. 20 மணி நேரத்தில் எடுத்தால் மேலே மூன்று அங்குலம் கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில் இன்னும் தண்ணீர். தண்ணீரைக் கொட்டிவிட்டு, பத்து நிமிடம் வெளியே வைத்து, ரொட்டிக் கத்தியைக் கோடாக அழுத்தி மேலே ஒரு தட்டுத் தட்டினால் பிளந்துகொள்ளும். வெளியே வைக்காமல் உடனே தட்டினால் சில்லுச்சில்லாகச் சிதறும். காய்ச்சின தண்ணீர் ஊற்றினால் தெளியும் என்று சொன்னார்கள், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பெரிய துண்டுக்கு மேற்பரப்பு குறைவு, அதனால் மெதுவாகக் கரைகிறது, எனக்கு வேண்டியதும் அதுதான்.

மோன்டெனேக்ரோ வேறு ஜாதி. லேசானது, ரோஜாவும் ஆரஞ்சும் மணக்கும். பேப்பர் பிளேன் என்று சாம் ராஸ் என்ற பார்டெண்டர் 2008இல் செய்த ஒன்று உண்டு: போர்பன் விஸ்கி, அபெரோல், நொனினோ அமாரோ, எலுமிச்சைச் சாறு, நாலும் சம அளவு. அதில் பாதி என்னிடம் இல்லை. அதன் போக்கில் அம்ருத் 45, மோன்டெனேக்ரோ 30, எலுமிச்சைச் சாறு 15 என்று ஐஸ் போட்டு மூடிய டப்பாவில் குலுக்கினேன். அவர்கள் பயன்படுத்துவது பெரிய மஞ்சள் எலுமிச்சை, நம்முடையது சின்னது, வாசம் கூரானது. அதனால்தான் சாற்றைக் குறைத்தேன். வெயில் நாளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் இது நன்றாக இருக்கிறது. குலுக்குகிற பானத்துக்குத் தண்ணீர் கூடுதலாக வந்தாலும் தாங்கும், எனவே தராசு தேவைப்படவில்லை.

காப்பிதான் கைவிட்டது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் காப்பியைக் கொண்டுவந்து ஊன்றிய மலை ஏற்காடு. அந்த மலைக் காப்பியும் அவெர்னாவும் சேராமல் போகாது என்று உறுதியாக நம்பினேன். புதிதாக அரைத்த தூளை விஸ்கியில் இரவு முழுக்க ஊறவைத்து வடித்தேன். நாக்கு இழுத்துக்கொண்டது. கசப்போடு துவர்ப்பும் சேர்ந்து, அவெர்னாவின் இனிப்பை விழுங்கிவிட்டது. 150 மிலி நல்ல விஸ்கி வீணானது, அதில் எனக்கு இன்றும் வருத்தம். பிறகு அரைக்காத முழுக்கொட்டை 15 கிராமை 150 மிலியில் 12 மணி நேரம் போட்டதில் வாசனை மட்டும் வந்தது, துவர்ப்பு வரவில்லை. இது சரியான வழி. அடுத்த தடவை கொட்டையை விஸ்கியில் போடாமல் அவெர்னாவிலேயே போட்டுப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் அமாரோவையே வீட்டில் ஊறவைத்துவிடலாமே என்று அண்ணன் கேட்டார். எனக்கும் அந்த ஆசை வந்தது. மருந்துக்கடையில் பட்டியலை நீட்டியபோது கடைக்காரர் இரண்டு பெயரை அடித்துவிட்டு, "அண்ணே, தண்ணியில ஊறும்போது இறங்கற அளவு வேற, சாராயத்துல இறங்கற அளவு வேற. தெரியாம போடாதீங்க" என்றார். வேர்களின் அளவு தெரியாமல் உள்ளே சாப்பிடுகிற பொருளில் கை வைக்க எனக்கும் மனமில்லை. சாராயம் காய்ச்சுவது சட்டப்படி குற்றம், அந்தப் பக்கமே போகக் கூடாது. பாட்டிலில் வந்ததைக் கலப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

போன சனிக்கிழமை 300, 150, 90 பாட்டிலைத் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் அடுக்கி நாகலூருக்கு எடுத்துப் போனேன். அண்ணன் வீட்டு ஃப்ரீசர் பழையது, மைனஸ் 11க்கு மேல் குளிராது. அங்கே ஊற்றியபோது ஐஸ் துண்டு வேகமாகக் கரைந்ததால் மூன்று நிமிடத்திலேயே பக்குவத்துக்கு வந்துவிட்டது. தராசில் வைத்துப் பார்த்தேன். 108 மிலியில் சேர்ந்தது 9 கிராம். மலைக்குத் தனியாக ஒரு கணக்கு வேண்டும், அங்கே தண்ணீரை 100 மிலியாக உயர்த்தி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் ஐஸ் துண்டைச் சிறிதாக்கலாம் என்று பாட்டிலில் ஒட்டிய சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அவெர்னாவில் இன்னும் 160 மிலி போல மிச்சம் இருக்கிறது. இன்னொரு பாட்டிலுக்குச் சரியாக வரும்.